ஏழு புட்டி பச்சை மை

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையை ஸ்டாஃப் ரூமிலேயே விட்டுவிட்டு வந்து பூந்தமல்லி பஜாரில் நனைந்ததுதான் மிச்சம்.

வாங்க வேண்டியவை: சார்ட் பேப்பர் 10, பசை, வசந்தாவுக்கு பி.பி. மாத்திரை, மை.

கரீம் பாய் கடையில் தோகை மார்க் பச்சை மை கேட்டேன். ஏணி போட்டு ஏறி, மேல்தட்டில் துழாவி, தூசியோடு இரண்டு புட்டி எடுத்து வைத்தார். "இதான் சார் கடைசி. கம்பெனிக்காரன் பச்சைய நிறுத்திட்டான். ஆபீசருங்கோ அல்லாம் ஜெல் பேனாவுக்குப் பூட்டாங்கோ, இத்த வாங்க ஆளே இல்ல" என்றார். வேறு கம்பெனி மை ஒன்றைத் திறந்து காட்டினார். கிளிப்பச்சை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் படத்துக்கு வண்ணம் தீட்டலாம். தோகை அப்படி இல்லை. எழுதும்போது இளசு, காய்ந்தால் கறிவேப்பிலை நிறம்.

இரண்டையும் வாங்கிக்கொண்டேன். மாத்திரை மறந்துபோய், காட்டுப்பாக்கம் வரை வந்த பிறகு திரும்பப் போனேன். முட்டி வலி.

எனக்கு எதற்குப் பச்சை மை என்று எவனாவது கேட்கலாம். அது எச்.எம்.முக்கும் அதற்கு மேலே இருக்கிற அதிகாரிகளுக்கும் உள்ளது. பட்டதாரி ஆசிரியன் பள்ளிக்கூடத்தில் பச்சையில் ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது. நான் வேலையில் சேர்ந்த அன்று அப்போதைய எச்.எம். என் கடிதத்தில் இந்த மையில்தான் கையெழுத்துப் போட்டார். மறுநாளே ஒரு புட்டி வாங்கினேன், நாமும் ஒரு நாள் போடுவோம் என்று. முப்பத்தோரு வருஷம் ஆச்சு. அந்த ஒரு நாள் வரும்வரை இந்த டைரியில் மட்டும். இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்.

எச்.எம். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. வழக்கு, தடை, மறுபடி வழக்கு. இரண்டு வருஷமாகக் கிடப்பில். எனக்குச் சர்வீஸ் பாக்கி பதினான்கு மாதம்.

நவ. 4, செவ்வாய்

டயாலிஸிஸ் நாள். (செவ்வாய், வெள்ளி.) மனைவியோடு ஆஸ்பத்திரி போகக் கடைசி பீரியடுக்கு பர்மிஷன். எச்.எம். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைவிட மூன்று வயது சின்னவர், சர்வீஸில் சீனியர்.

நாலு மணி நேரம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் பேப்பர் 22 திருத்தினேன். ஒருவன் பானிபட் போரை இந்தியாவும் பாகிஸ்தானும் நடத்தியதாக எழுதியிருக்கிறான். அரை மார்க் போட்டேன், எழுதிய உழைப்புக்கு.

திரும்பும்போது ஆட்டோவில் வசந்தாவுக்கு பி.பி. இறங்கிவிட்டது. என் தோளில் சாய்ந்தவள் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை. டிரைவர் ஓரங்கட்டி, காலைத் தூக்கிப் பிடி சார் என்றார். பிடித்தேன். மூன்று நான்கு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்து, "வீட்டுல கேஸ் அணைச்சோமா?" என்றாள். இவளைத் தனியாக அனுப்புவது என்ற பேச்சே இனிமேல் கிடையாது.

நவ. 6, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. நல்ல செய்தி அவ்வளவுதான்.

ஸ்கூல் விட்டதும் ஆவடி. தேர்தல் டியூட்டி வேலை என்று வசந்தாவிடம் பொய். மார்க்கெட் பக்கத்துக் கடையில் தோகை பச்சை மூன்று புட்டி. ஒன்றின் மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, அதையும் விடவில்லை. அங்கிருந்து பஸ் பிடித்து அம்பத்தூர். எஸ்டேட் ரோடு டிராஃபிக்கில் நின்றே பாதி உயிர் போச்சு. அங்கே இரண்டு. ஆக மொத்தம் ஏழு.

அம்பத்தூர்க் கடைக்காரர் புட்டியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே, "எந்த டிபார்ட்மெண்ட் ஆபீசர் சார்?" என்று கேட்டார். கல்வித் துறை என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் எழுந்து நின்று மீதிச் சில்லறை கொடுத்தார். இறங்கி வரும்போது வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

நவ. 8, சனி

அகப்பட்டுக்கொண்டேன்.

மெடிக்கல் ஃபைல்கள் வைக்கிற அலமாரியில், ஸ்கேன் கவர்களுக்குப் பின்னால் ஒளித்திருந்தேன். ரிப்போர்ட் தேடப்போன வசந்தா ஏழையும் எடுத்து டைனிங் டேபிளில் வரிசையாக நிறுத்திவிட்டாள். "வருஷத்துக்கு ஒரு புட்டி காலி பண்றீங்க. இருக்கிறது பதினாலு மாசம். ஏழு புட்டி எதுக்குங்க, குளிக்கவா?" சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள், இருமல் வரும்வரை.

ஆர்டர் வந்துவிட்டால் ஒரு நாளைக்கு நூறு கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், டி.சி., போனஃபைடு, ஸ்காலர்ஷிப் என்று கணக்குக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு துணி எடுத்து ஒவ்வொரு புட்டியாகத் துடைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். வரட்டுங்க, வராமலா போகும் என்றாள். போன மாதம் ஆட்டோ டிரைவரிடமும், சார் எச்.எம். ஆகப்போறார் என்று சொல்லிவைத்திருக்கிறாள். என்னைவிட அவளுக்குத்தான் அவசரம்.

அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். இன்று சிரித்ததில் தாகமெடுத்து, கணக்குக்கு மேல் அரை டம்ளர் குடித்தாள். விட்டுவிட்டேன்.

நவ. 10, திங்கள்

மானம் போன நாள்.

நேற்று பேனா இரண்டையும் கழுவி மை நிரப்பினேன். இரண்டும் கறுப்புப் பேனா, ஒரே மாதிரி. நீலம் ஸ்கூலுக்கு, பச்சை வீட்டுக்கு. காலையில் வசந்தாவுக்கு வாந்தி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கைக்குக் கிடைத்ததைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஓடினேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். எழுதும்போது இளசாக இருக்கிற நிறம், அவசரத்தில் கண்ணில் படவில்லை.

மூன்றாவது பீரியடில் எச்.எம். அறைக்கு அழைப்பு. பதிவேடு திறந்து கிடந்தது. பதினெட்டு நீலக் கையெழுத்து, நடுவில் நான் மட்டும் கறிவேப்பிலை.

மேடம் திட்டியிருந்தால் தேவலை. கதவைச் சாத்தச் சொன்னார். "யாராவது விசிட் வந்தா என்னைத்தான் சார் கேப்பாங்க. பக்கத்துலேயே தவறுதலாகன்னு நீலத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார். தன் பேனாவில் நீலம் இல்லாமல், பியூனைக் கூப்பிட்டு பால்பாயிண்ட் வாங்கிக் கொடுத்தார். எழுதினேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெளியே வரும்போது, உங்க அவசரம் எனக்குப் புரியுது சார் என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அதுதான் தாங்கவில்லை.

ஸ்டாஃப் ரூமில் அதற்குள் செய்தி பரவிவிட்டது. பி.டி. மாஸ்டர் எழுந்து நின்று சல்யூட். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இந்த மையெல்லாம் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் அதே பேனாவில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்கங்கெட்ட கை.

நவ. 11, செவ்வாய்

டயாலிஸிஸ். மழை. காட்டுப்பாக்கம் சிக்னலில் முழங்கால் தண்ணீர்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியர் சங்க வாட்ஸப்பில் செய்தி: தடை நீங்கியது, வியாழன் காலை பதவி உயர்வுக் கலந்தாய்வு, முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) ஆபீஸ். மூன்று தடவை படித்தேன். உள்ளே போய் வசந்தாவிடம் காட்டினேன். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னாள். நர்ஸ் ஸ்வீட் கேட்டார்.

ஊர் எது கிடைக்குமோ என்றேன். "மாங்காடு, திருமழிசை, இங்கதான் எங்கயாவது கிடைக்கும். வெள்ளைச் சட்டை அயர்ன் பண்ணணும்" என்றாள்.

எனக்குப் பட்டியல் எண் தெரியும். பக்கத்து இடமெல்லாம் முன்னால் இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் தெரியும். சொல்லவில்லை.

நவ. 13, வியாழன்

கலந்தாய்வு. ஹாலில் இருநூறு பேர், நாலு ஃபேன். திரையில் இடங்களின் பட்டியல். யாராவது எடுத்தால் அந்த வரி சிவப்பாகிவிடும். பதினொரு மணிக்குள் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு எல்லாம் சிவப்பு. என் பெயர் கூப்பிட்டபோது மணி மூன்று. மிச்சம்: கூடலூர், கல்வராயன் மலை, திருவாடானை.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க சார். வேணாம்னா உரிமை விடல் எழுதிக் குடுத்துடுங்க, அடுத்த பட்டியல்ல பாத்துக்கலாம்." அடுத்த பட்டியல் வரும்போது நான் சர்வீஸில் இருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், என் பிறந்த தேதி அவர் கையில்தான் இருந்தது.

கூடலூரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வந்து போக முடியுமா. வீடு எடுத்து அவளை அழைத்துப் போனால் மலையில் டயாலிஸிஸுக்கு எங்கே போவது. ஓசூரில் மகள், கைக்குழந்தையோடு; அவளையும் கூப்பிட முடியாது. இரண்டு நிமிஷம் தேவைப்படவில்லை. பதவி உயர்வு எனக்கு வேண்டாம், சொந்தக் காரணம் என்று நாலு வரி எழுதி நீட்டினேன். நீலத்தில். சீல் வைத்தார்கள். வெளியே ஒரு டீ, ஒரு பன். பன்னை முழுசாகச் சாப்பிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. உடம்பெல்லாம் அசதி மட்டும்.

வசந்தா கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எந்த ஊர் என்றாள். என் முறை வருவதற்குள் இடமெல்லாம் முடிந்துவிட்டது என்றேன். பஸ்ஸில் வரும்போதே தயார் செய்த வாக்கியம். தனக்காக விட்டேன் என்று தெரிந்தால் அதையே நினைத்து நினைத்து உருகிப்போவாள்.

காபி போட்டுக் கொடுத்தாள். நான் பாதி குடித்திருப்பேன், "தூரமா எங்கயாவது கிடைச்சிருந்தா போயிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

போயிருக்க மாட்டேன் என்றால் கண்டுபிடித்துவிடுவாள். "போயிருப்பேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்டிப்பா போயிருப்பேன், இதுக்குத்தானே முப்பது வருஷம் காத்துக்கிட்டிருந்தேன் என்று வேறு சொல்லிவைத்தேன்.

சரி என்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அது நின்ற பிறகு சமையலறையிலிருந்தே சொன்னாள்:

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் தனியாவே போயிட்டு வரேன். பழகிக்கணும் இல்ல."