மணிப்படுகையைச் சமன் செய்த நாள்

நாள் 211, காலை 08.10
நிலவின் தென்முனை, நிழல் நிலையம். பணியில் இருவர்: ஒளியியலாளர் நிலமங்கை (நான்), தொழில்நுட்பர் பனிமயதாசன். நிலையத்துக்குள் இருக்கும் மணிப்படுகையில் பதினான்கு நாள் வெயில் அடைபட்டிருக்கிறது. பல அளவுக் கண்ணாடி மணிகள், தாறுமாறாகக் கொட்டியவை. ஒவ்வொரு மணியும் ஒளியைச் சற்றுப் பிடித்துவைத்து அடுத்ததிடம் தள்ளும். வழி தெரியாமல் ஒளி உள்ளேயே அலையும். இருட்டுப் பருவத்தில் அது மெல்லக் கசிவதுதான் எங்களுக்குச் சூடு.

நாள் 212, 10.40
பூமியிலிருந்து இயக்குநர்: "என்னம்மா, குப்பைமேடு மாதிரி இருக்கு. நாளன்னைக்கு அமைச்சர் நேரலையில பார்க்கிறார். அதிர்வுத் தட்டு வச்சுச் சமமாக்குங்க."
அதிர்ந்தால் ஒரே அளவு மணிகள் ஒன்றுசேர்ந்து வரிசையாகும், வரிசையில் ஒளிக்கு வழி கிடைத்துவிடும் என்று பதில் அனுப்பினேன்.
"பாடம் எடுக்காதீங்க. படம் நல்லா வரணும்."
தாசன் அண்ணன் சிரித்தார். "கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கச் சொல்றாரு தங்கச்சி. விடுங்க, காலையில நான் பாத்துக்கிறேன்."
நான் தடுத்திருக்கலாம்.

நாள் 213, 09.25
ஒரு மூலைதான் வரிசைப்பட்டது. அந்த மூலையின் பதினான்கு நாள் வெயில் ஒரே நொடியில் வெளியேறியது. அண்ணன் முகக்கவசம் போட்டிருந்தார். அதன் கண்ணாடி உருகி இமைகளோடு ஒட்டிக்கொண்டது. நான்தான் பிரித்தெடுத்தேன். பொசுங்கிய மயிர் நாற்றம். மூன்று முறை கை கழுவியும் போகவில்லை.

நாள் 213, 14.00
பூமி மருத்துவர்: நான்கு நாளுக்குள் அறுவை நடந்தால் ஒரு கண் தேறும்.

நாள் 213, 17.30
இயக்குநர்: "வருத்தமா இருக்கும்மா. கவசம் போடாமப் போனார்னு அறிக்கை அனுப்புங்க, அறுவை மருத்துவரோட இங்கிருந்து கப்பல் கிளம்பிடும், மூணு நாள்ல வந்துடும். விசாரணைன்னு வந்தா பத்து நாள் இழுக்கும். அப்புறம், நாளைக்கு அந்த மூலையைக் கேமராவில காட்டாதீங்க."
பேச்சில் குழைவு. காதையும் கழுவ வேண்டும் போலிருந்தது.

நாள் 214, 07.50
அனுப்பிவிட்டேன். கவசம் அணியவில்லை. அலட்சியம். போக வேண்டாம் என்று நான் சொன்னதை மீறினார். இந்தக் கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. நம்பும்படி இருக்கட்டும் என்று நானே சேர்த்தேன்.
கப்பல் கிளம்பிவிட்டது.

நாள் 214, 08.30
கண்கட்டோடு அண்ணன் கேட்டார்: "என்ன எழுதினீங்க? வாசிங்க."
திரையில் ஒன்று இருந்தது. நான் வேறொன்றை வாசித்தேன், நடந்ததை நடந்தபடி, நிறுத்தி நிதானமாக.
"இயக்குநர் பேரையும் போட்டுட்டீங்களா? துணிஞ்ச ஆளுதான் தங்கச்சி."
தடவித் தேடி என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். இதை இடது கையால் எழுதுகிறேன். அவர் தூங்கிவிட்டார். இன்னும் விடவில்லை.