உன் பெயரில் ஒரு பெரிய எண்

இன்று காலை கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போன உறையைப் பிரித்ததுமே புது அச்சு மை வாசனை மூக்கில் ஏறியது. உனக்குப் பிடித்த வாசனை. வழவழப்பான தாள், பச்சை அட்டை, அட்டையில் ஓர் இலை, இலைமேல் மேல்நோக்கிப் பாயும் ஓர் அம்பு. மாநிலத்தின் வளர்ந்துவரும் உயிரிப் பொருளாதாரம் பற்றிய நம் மையத்தின் அறிக்கை. ஆசிரியர்கள் வரிசையில் முதல் பெயர் உன்னுடையது. உள்ளே முழுப் பக்கத்துக்கு உன் படம், சுற்றிலும் கறுப்புக் கட்டம். பெசன்ட் நகர் கடற்கரையில் நாம் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது. என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள். உன் தோளில் கிடக்கும் என் விரல்கள் மட்டும் மிச்சம் இருக்கின்றன.

போய்ச் சேர்ந்தவளுக்கு மடல் எழுதி உருகுகிற ஆள் இல்லை நான். உயிரோடு இருந்தபோதே உனக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியதில்லை. ஆனால் இந்தக் கோபத்தை வேறு யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது, சொல்லு.

அடையாற்றில் உள்ள நம் ஆய்வு மையத்தில் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இந்த வேலையைத் தொடங்கினோம். புதுத் தொழில்களுக்குத் தொடக்க உதவி தருகிற ஒரு நிதி அமைப்பு நம்மிடம் கேட்டது எளிமையான கேள்விதான். இறால் ஓட்டிலிருந்து காயத்துக்குப் போடும் பட்டை, கடற்பாசியிலிருந்து உரம், நுண்ணுயிரை வளர்த்து எடுக்கும் நொதி என்று உயிரிகளை வைத்துப் புதிதாக முளைக்கும் தொழில்களால் மாநிலத்துக்கு என்ன வருமானம், எத்தனை பேருக்கு வேலை? இந்தத் தொழில்களுக்கென்று புள்ளிவிவரங்களில் தனி வரிசை கிடையாது. கடற்பாசி உரமும் ரசாயன உரமும் ஒரே கூடையில்தான் கிடக்கும். அதனால் ஒவ்வொரு தொழிலிலும் 'உயிரிப் பங்கு' எவ்வளவு என்று நாமேதான் முடிவுசெய்ய வேண்டும். நம் மையத்தில் அதற்கு ஒரு முறை உண்டே! புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, பாதித் தூக்கத்தில், ஆளாளுக்கு ஒரு பங்கைச் சொல்வோம். யார் அதிகமாகச் சொல்கிறாரோ அதை இயக்குநர் பலகையில் எழுதுவார்.

அப்படித்தான் ஒரு புதன்கிழமை தோசை மாவு உள்ளே வந்தது.

"மாவு புளிக்குதா இல்லையா? நுண்ணுயிர்தானே வேலை செய்யுது? அப்ப பாக்கெட் மாவு முழுசும் பயோதான்" என்றார் இயக்குநர்.

"அப்படின்னா எங்காத்து ஃப்ரிட்ஜையும் ஒரு தொழிற்சாலைன்னு சேர்த்துக்கோங்கோ சார்" என்றாய் நீ. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பலகையில் 'முழுப் பங்கு' என்று எழுதினார்.

அடுத்த வாரம் பட்டு வந்தது. பட்டுப்புழு உயிர், ஆகவே பட்டு உயிரிப் பொருள், ஆகவே தி.நகரின் புடவைக் கடைகள் எல்லாம் வளர்ந்துவரும் துறை. என் அப்பாவின் கடையும் சேர்த்தி. அன்று சாயங்காலமே நீ கடைக்கு வந்து, "மாமா, நீங்க இப்போ வளர்ந்துண்டு வர துறை, தெரியுமோ?" என்று அவரை வம்புக்கு இழுத்தாய்.

"என்னத்தம்மா வளருது? கடை வாடகைதான் வளருது. நீ உக்காரு, காப்பி சொல்லுதேன்" என்றார் அப்பா.

நீ எதையும் நேரில் பார்க்காமல் விடமாட்டாய். ஆதம்பாக்கத்தில் மாவு அரைத்துப் பாக்கெட் போடும் ஒரு அம்மாவிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஒரு நாளைக்கு எவ்வளவு மாவு போகும் என்று நீ வாயைத் திறந்ததுதான் தாமதம், அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னா, ஜிஎஸ்டியா? எம்மாம் போவுது, யாருக்குப் போவுதுன்னு எதுக்கு கேட்டுக்கினு கீறீங்க?"

"டாக்ஸ் ஆபீஸ் இல்லம்மா, ஆராய்ச்சி."

"அல்லாரும் அப்டித்தான் சொல்லிக்கினு வர்றாங்க. மாவு வேணுமா, வேணாமா? வேணாம்னா வழிய வுடு."

மாவு வாங்கிக்கொண்டு ஓடி வந்தோம். ஆட்டோவில் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். வேளச்சேரி தாண்டும்போது சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதையெல்லாம் புதுசுன்னு எழுதினா, நிஜமாவே புதுசா இருக்கறதை யாருடி பார்ப்பா?" என்று கேட்டாய்.

நிஜமாகவே புதிதாக இருந்தது பெருங்குடியில், இரண்டே அறையில். படித்து முடித்த இரண்டு பெண்கள் இறால் ஓட்டை வாங்கிக் கழுவி, காயப் பட்டை செய்துகொண்டிருந்தார்கள். அந்த அமைப்பின் உதவி இன்னும் கொஞ்ச காலம் தொடர்ந்தால் நிமிர்ந்துவிடுவார்கள். நின்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். துறை ஏற்கெனவே பெரிதாக வளர்ந்துவிட்டது என்று நம் அறிக்கை சொன்னால் உதவி நின்றுவிடும். இது உனக்குத் தெரிந்திருந்தது. இயக்குநருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பெரிய எண் வந்தால்தான் அடுத்த ஆய்வு நம் மையத்துக்குக் கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நீ தனியாக உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டாய். மாவை வெளியே எடுத்தாய், பட்டுப் புடவையை வெளியே எடுத்தாய். ஒரே இறால் ஓட்டை மீன்பிடித் தொழிலில் ஒரு முறை, ஓடு பொடிக்கும் ஆலையில் ஒரு முறை, காயப் பட்டையில் ஒரு முறை என்று திரும்பத் திரும்ப எண்ணியிருந்ததைக் கண்டுபிடித்து, ஒவ்வோர் இடத்திலும் புதிதாகக் கூடிய மதிப்பை மட்டும் வைத்துக்கொண்டாய். பழைய உரத்தின் இடத்தைப் புது உரம் பிடித்த இடத்தில், பழைய உரத் தொழிலில் போன வேலைகளையும் கழித்தாய். "வந்ததை மட்டும் எழுதினா அது கணக்கு இல்லடி, விளம்பரம்" என்பாய். கடைசியில் வந்தது சின்ன எண்.

"இத்தனூண்டு நம்பரைத் தூக்கிக்கிட்டு அவங்ககிட்ட எப்படிம்மா போய் நிக்கறது?" என்றார் இயக்குநர்.

"சின்னதுதான் சார். இப்போதானே பொறந்திருக்கு. குழந்தையை எடை போடறச்சே அம்மாவையும் தராசுல ஏத்தினா எப்படி?"

அவர் உன் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பேச ஆரம்பித்தார். நீ அன்றே மின்னஞ்சல் அனுப்பினாய்: இந்த எண்ணோடு அறிக்கை வருவதானால் என் பெயர் வேண்டாம், அன்புடன், வணக்கத்துடன். உன் வணக்கத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். அந்த ஆளுக்கு எதற்கடி அன்பும் வணக்கமும்? மேசையைத் தட்டியிருக்கலாம். கதவை அறைந்து சாத்தியிருக்கலாம். நீ செய்யமாட்டாய். நீ நாகரிகமானவள்.

பிறகு மஞ்சள் காமாலை என்றார்கள், கல்லீரல் என்றார்கள், அவ்வளவு சீக்கிரம் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் முழுக்க மஞ்சளாகக் கிடந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நீ பேசியது அறிக்கையைப் பற்றித்தான். "பேரைப் போட்டுடப் போறார்டி. பாத்துக்கோ." அங்கிருந்து நேராக இயக்குநரிடம் போனேன். நெஞ்சில் கைவைத்து, "போடமாட்டோம்மா, அவங்க விருப்பம் எதுவோ அதுதான்" என்றார். நெஞ்சில் கைவைத்து!

நீ போனதும் போட்டார். இறந்தவள் பெயரில் வரும் அறிக்கையை எந்த மகராசன் எழுந்து கேள்வி கேட்பான்? அவர் கணக்கு அதுதான். நான் போய்ச் சண்டை போட்டபோது, "இது ஓர் அஞ்சலிம்மா, இதைப் போய் ஏன் பெரிசு பண்றீங்க?" என்றார். அச்சுக்குப் போகும் முன்பே அறிக்கை அந்த அமைப்பிடம் போய்விட்டது. துறை தன் காலில் நின்றுவிட்டதாம், இனி தொடக்க உதவி தேவையில்லையாம். பெருங்குடிப் பெண்கள் அறையைக் காலி செய்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் மேல் ஒரு வெளியீட்டு விழா வேறு. மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கம். முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வது உன் அம்மா.

முந்தின நாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். அழைப்பிதழை உன் படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்திருந்தார். "பார்த்தியா, அவ பேரை எவ்ளோ பெருசா போட்டிருக்கா! முதல் பிரதி எனக்காம்" என்றார். நீ போன பிறகு அந்த முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். அதை அணைக்கிற வேலையையும் அந்த மனுஷன் என் தலையில் கட்டிவிட்டாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். மாவு, பட்டு, இறால் ஓடு, நீ கையைப் பிடித்தது, எல்லாம்.

"வேண்டாம்னு அவளே சொன்னாளா?"

"அவதான் சொன்னா மாமி. என்கிட்டயே சொன்னா."

உன் அம்மா எழுந்து போய்க் காபி கலந்துகொண்டு வந்தார். "நாளைக்கு நீ வந்து என்னை அழைச்சுண்டு போ" என்று மட்டும் சொன்னார்.

விழாவில் இயக்குநர் இந்த அறிக்கை உன் கனவு என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. அம்மாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு இயக்குநர் இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டினார். படம் எடுப்பவர் கேமராவைத் தூக்கினார். அம்மா கும்பிட்டார். கும்பிட்ட கையைப் பிரிக்கவே இல்லை. புத்தகம் அந்தரத்தில் நின்றது. "வாங்கிக்கோங்கம்மா" என்று அவர் கிசுகிசுத்தது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"அவ வேண்டாம்னு சொன்னதை நான் எப்படி வாங்கிக்கறது? நீங்களே வெச்சுக்கோங்கோ."

அந்த ஆள் கலங்கினார் என்று நினைக்கிறாயா? புத்தகத்தைச் சிறப்பு விருந்தினர் கையில் கொடுத்துவிட்டு, "தாயார் துக்கத்தில் இருக்கிறார், மன்னிக்கவும்" என்று அறிவித்தார். அப்போதுதான் நான் எழுந்து கத்தினேன். "துக்கம் இல்ல சார், அவங்க தெளிவாத்தான் சொல்றாங்க. நம்பர் தப்பு!" ஒலிபெருக்கியை அணைத்தார்கள். வெளியே போண்டாவும் காபியும் தயார் என்று யாரோ உரக்கச் சொன்னார்கள், கூட்டம் அங்கே நகர்ந்தது.

அம்மா பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். ஆட்டோவில் லஸ் முனை வரும்போது, "அவ போட்ட கணக்குல எவ்ளோடி வந்தது?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமி."

"சரியா இருக்குமா?"

"சரியா இருக்கும்."

அவர் அந்த எண்ணைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் சொன்னார். நான் திரும்பிப் பார்த்ததும், "மறந்துடப்படாதோல்லியோ" என்றார்.

என் கோபம் ஆறவில்லை. ஆற விடப்போவதும் இல்லை. நீ வணக்கத்துடன் சொன்ன அந்தச் சின்ன எண்ணை, இனி போகிற இடத்தில் எல்லாம் நான் கத்தித்தான் சொல்லுவேன்.