கேமரா எட்டாத இடம்

மாப்ளே,

மேசைமேல் ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி இருக்கிறது. காலையில் மகன் வைத்துவிட்டுப் போனான். மேலே அச்சடித்திருந்த படத்தைப் பார்த்ததும் பெட்டியைத் திருப்பி வைத்தேன். உன் வீட்டுக் கூடத்தில் காலண்டருக்கு மேலே இருந்துகொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்ததே, அதே மாதிரிக் கேமரா.

"நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறோம். நீங்க வழுக்கிக் கிழுக்கி விழுந்தா எனக்குத் தெரியணும்லப்பா. சாயந்தரம் வந்து மாட்டுறேன்" என்றான். நல்ல பிள்ளை. அதனால்தான் பயமாக இருக்கிறது. கெட்டவன் என்றால் நாலு வார்த்தை திட்டியாவது தீர்த்திருப்பேன்.

உன் மகனும் நல்ல பிள்ளைதான். துபாயிலிருந்தபடியே அவன் அதை மாட்டவைத்த வாரம், நான் திருக்கோகர்ணத்திலிருந்து பஸ் ஏறி அறந்தாங்கிக்கு வந்தேன். தலையைச் சீவிக்கொண்டு கேமராவுக்கு ஒரு கும்பிடு போட்டேன். "சினிமாவுல சேந்துட்டியா மாப்ளே!" நீயும் சிரித்தாய். அப்போது சுவரிலிருந்து உன் மகன் குரல்: "அத்தா, ஃபேன் எதுக்கு இம்புட்டு வேகமா ஓடுது? கொறைங்க, சளி பிடிக்கும்." நீ எழுந்து போய்க் குறைத்தாய். வேர்த்துக்கொண்டிருந்த நான் துண்டால் விசிறிக்கொண்டேன். எட்டாங்கிளாஸ் படித்தவனுக்குச் சுவரோடு சண்டை போடத் தெரியாது.

அதற்குப் பிறகு நம் பேச்செல்லாம் கொல்லையில், துவைக்கிற கல்லருகே. அங்கே மட்டும் கேமரா எட்டாது.

முதியவர்களை விசாரிக்கக் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்த அன்றைக்கும் நான் அங்கேதான் இருந்தேன். "வீட்ல யாராச்சும் கொடுமைப்படுத்துறாங்களா ஐயா?" என்று கேட்டாள். "எம்புள்ள தங்கமான புள்ளம்மா. மருமக நேரத்துக்குச் சோத்த ஹாட்பாக்ஸ்ல வச்சிடுது" என்றாய். அவள் திருப்தியாகப் போனாள்.

கொல்லைக்கு வந்ததும், "ஏன்டா, ஒண்ணுமே சொல்லல?" என்றேன்.

"அடிச்சா கொடுமைங்கலாம். ஃபேனக் கொறைக்கச் சொன்னதுக்கா புள்ளையக் காட்டிக்குடுக்கச் சொல்றே?" பிறகு கல்லைத் தடவியபடி மெதுவாகச் சொன்னாய்: "எல்லாரும் என்னையப் பாக்குறாங்க மாப்ளே. சாப்பிட வாங்கன்னு ஒருத்தரும் கூப்பிடல."

தனியாக உட்காரவும் நீ அங்கேயே போக ஆரம்பித்தாய். அந்தக் கல்லருகில்தான் விழுந்தாய். வெளியே போயிருந்த மருமகள் திரும்பி வரும்வரை யாருக்கும் தெரியவில்லை. உன்னை அடக்கம் செய்ய மறுநாள் துபாயிலிருந்து வந்து சேர்ந்த உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்: "கேமராவுல அத்தாவக் காணோம் மாமா. தொழுகப் போயிருப்பாங்கன்னு நெனச்சுட்டேன்."

கேமரா இல்லையென்றால் நான் விழுந்தது தெரியாது. இருந்தால், எங்கே ஒதுங்கிப் போய் விழுவேனோ, அது எனக்கே தெரியாது.

மகனிடம் சொல்வதற்குக் காலையிலிருந்து ஒத்திகை பார்க்கிறேன்: "மாட்டுப்பா. ஆனா எங்க மாட்டுறதுன்னு என்னையக் கேளு. மத்தியானம் என் நெனப்பு வந்தா கேமராவத் தொறக்காதே. ஒரு போனப் போட்டு, சாப்பிட்டீங்களாப்பான்னு கேளு." ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே வார்த்தை மாறிப்போகிறது. பெண்பார்க்கப் போனபோதுகூட நான் இப்படி உளறவில்லை.

இந்த ஒத்திகைக்கு நான் எங்கே போய் நின்றேன், தெரியுமா? எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லருகே. பெட்டியையே இன்னும் பிரிக்கவில்லை மாப்ளே, கால் அதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டது.

வாசலில் பைக் சத்தம் கேட்கிறது. நீ கொல்லையில் சொன்னதை நான் கூடத்தில் நின்று சொல்ல வேண்டும்.