இடக்கைக்காரருக்குச் செய்த வில்

மூத்தவளின் அம்மாவுக்கு, நலம். உன் முட்டிவலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல என் அறையில் கூடத் தங்கியிருப்பவர் எழுதுகிறார்.

வெள்ளத்தில் பாலம் போன வருஷம், மூத்தவள் பிறந்தப்போ, பட்டறையில் நாலு பேர் சேர்ந்து ஒரு வில் செய்தோமே, மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுவது? அது இங்கே நான் வேலை பார்க்கும் முதலாளியின் பழைய சாமான் கடைக்கு வந்திருக்கிறது. கறுப்பும் சிவப்புமாக மரம் அடுக்கி ஒட்டிய அதே கைப்பிடி. இடக்கைக்காரருக்குச் செய்ததால் அம்பு வைக்கும் பள்ளம் வலப்பக்கம் இருக்கிறது. முதலாளியோ, அது தப்பு என்று மாசக் கடைசியில் மறுபக்கம் வெட்டப்போகிறார். தொண்டை வற்றச் சொல்லிவிட்டேன்.

"பெரியவரே, வயசானா ஞாபகம் குழம்பத்தான் செய்யும். பேசாம இருங்க" என்று சிரிக்கிறார்.

எரிச்சல்தான், உடம்புக்கு ஒன்றுமில்லை. தைலம் மட்டும் அனுப்பு. உன் தம்பி மொட்டையனை உடனே முதலாளிக்குப் போன் போட்டுப் பேசச் சொல். அந்த நாலு பேரில் என்னை விட்டால் உயிரோடு இருப்பது அவன் ஒருவன்தான்.