மேற்குச் சரிவில் மூட்டம்

ஏலே,

இன்று காலை எம்.ரெட்டியபட்டியில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். காற்று திரும்பி, கரிமூட்டப் புகை மூஞ்சியில் அடித்தது. பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். உன்னை நினைக்க எனக்குப் படமெல்லாம் வேண்டியதில்லை. நம்மூரில் யாராவது சீமைக்கருவேலை விறகை அடுக்கி, மண்ணால் மூடிக் கரிக்குத் தீ வைத்தால் போதும், நீ வந்து பக்கத்தில் நின்றுவிடுகிறாய். இந்தத் தடவை உனக்குச் சொல்ல ஒரு சேதியும் இருக்கிறது.

போன மாதம் நாம் வேலை பார்த்த மலைக்கு, நம் தீக்காவல் கோபுரத்துக்குப் போயிருந்தேன். அதன் வரலாற்றை எழுதிக் கல் பதித்திருக்கிறார்கள். முதலில் அங்கே வெறும் பாறைதான், அதில் ஒரு ஆள் உட்கார்ந்து காட்டில் புகை தெரிகிறதா என்று பார்ப்பான், தெரிந்தால் தப்பட்டை அடிப்பான். அப்புறம் நாலு கல்தூணும் தகரக் கூரையும் வந்தன. அப்புறம் நம் இரும்புக் கோபுரம், வயர்லெஸ். இப்போது அதன் தலையில் கேமரா. கல்லில் நாலாவது வரியில் உன் பெயர் இருக்கிறது. எழுத்துப் பிழை கூட இல்லை, நானே தடவிப் பார்த்தேன்.

நாம் வேலைக்குச் சேர்ந்தபோது எப்படிச் சிரித்தார்கள்! கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு குன்று கூட இல்லாத ஊரிலிருந்து ரெண்டு பேர் மலை உச்சியில் தீக்காவல் பார்க்க வந்திருக்கிறான்கள் என்று ரேஞ்சர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீயோ, "சிரிக்கட்டும்லே. இவுகளுக்கு மரந்தான் தெரியும், நமக்குப் புகை தெரியும்" என்றாய். வாய்க்கொழுப்பு என்றுதான் அன்று நினைத்தேன்.

அந்த மாசி மாதக் காலை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. பள்ளத்தாக்கெல்லாம் பனி. நீ மேற்கே கையைக் காட்டி, "ஏலே, அது பனி இல்ல. பனி மேல ஏறும், இது தரையோட படுத்துக் கெடக்கு. மஞ்சளும் ஓடுது. கரிமூட்டம் மாதிரி உள்ளுக்குள்ள கனியுது. சொல்லு சீக்கிரம்" என்றாய். அந்தச் சரிவுக்கு நேர் கீழேதான் மலைக்குடியிருப்பு, இருபது வீடு, அத்தனையும் புல்கூரை. நான் வயர்லெஸ்ஸை எடுத்து, "மேற்குச் சரிவில் மூட்டம்" என்றேன்.

நம்மூரில் 'கரி' என்று சேர்த்தா சொல்கிறோம்? மூட்டம் என்றாலே கரிமூட்டம்தான். ரேஞ்ச் ஆபீஸில் இருந்தவர் அந்த மலைப் பக்கத்துக்காரர், அவருக்கு மூட்டம் என்றால் பனிமூட்டம். "சரி சரி, வெயில் வந்தா கலைஞ்சிரும்" என்று வைத்துவிட்டார். அரை மணி நேரம் ஒரு ஜீப்பும் வரவில்லை. "என்னலே சொன்ன?" என்று கேட்டாய். சொன்னேன். நீ திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாய்.

நான் வயர்லெஸ்ஸில் "தீ, தீ" என்று நாலு தடவை கத்திவிட்டு உன் பின்னால் ஓடினேன். முள் கிழித்ததெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. குடியிருப்புச் சனம் அதற்குள் பச்சைக் குழைகளோடு ஏறி வந்து தீயை அடித்துக்கொண்டிருந்தது. அடிக்க அடிக்க அணைந்தது, அணைந்த இடத்திலேயே மறுபடி பிடித்தது. விழுந்து கிடந்த ஒரு பெரிய மரம் உள்ளுக்குள் கனிந்து பொறியைக் கக்கிக்கொண்டிருந்தது. அது உருண்டால் நேரே கூரைதான். தண்ணீர் இருந்ததோ பத்துக் குடம்.

"அடிக்காதீக! மண்ணப் போடுங்க! காத்து போற ஓட்டைய எல்லாம் அடைங்க, மூச்சு விடக் கூடாது அது!" என்று நீ போட்ட சத்தத்தில் காடே திரும்பிப் பார்த்திருக்கும். தொண்ணூறு கை மண் அள்ளிப் போட்டதா, நூறு கை போட்டதா, யார் கண்டார்கள். புகை மெலிந்தது, நீலமானது, நின்றது. ஜீப் வந்து சேர்ந்தபோது எல்லோரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

நாலு நாள் கழித்து ரேஞ்சர் மண்ணைத் தோண்டச் சொன்னார். உள்ளே முழு மரமும், தட்டினால் கணீரென்னும் கரி. "இது எப்படிய்யா?" என்றார். "நாங்க பொதைச்சா கரிதான் சார் ஆகும்" என்றாய். அன்றைக்கு அவரும்தான் சிரித்தார், அது வேறு சிரிப்பு.

தகவல் ஏன் தப்பாக வந்தது என்று விசாரித்தபோது நீ முந்திக்கொண்டு, "நாந்தான் மூட்டம்னு சொன்னேன் சார், அவன் சொன்னதச் சொன்னான்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கு ஒரு மெமோ கிடைத்தது. நீ உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

போன மாதம் அந்தக் கல் திறந்த அன்று என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ரேஞ்ச் ஆட்களும் குடியிருப்பு முழுவதும் கூடியிருக்க, "அன்னைக்குத் தப்பாச் சொன்னது நான். அவன் கரிமூட்டம்னு சரியாத்தான் சொன்னான். மெமோ எனக்கு வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுந்தார். அன்று இடுப்பில் பிள்ளையோடு மண் அள்ளியவர். "எங்களுக்கு அன்னிக்கே தெரியும்ண்ணே. அவரு தீயப் பாத்து ஓடி வந்தாரு. நீங்க தப்புப் பண்ணின ஆளாட்டம் எங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து ஓடி வந்தீங்க. வீடு இருக்கு, பிள்ளைங்க இருக்கு, விடுங்கண்ணே" என்றார். பிறகு எழுந்தது பார், ஒரு கைதட்டல்! எனக்கென்று நினைத்துவிடாதே. உன் பெயரைச் சொல்லிச் சொல்லித் தட்டினார்கள், சின்னப் பிள்ளைகள் கூட.

அந்தத் தப்பை அங்கேயே இறக்கி வைத்துவிட்டேன். மலையிலிருந்து கீழே வரும்போது என்னிடம் இருந்தது ஒன்றுதான்: நாம ஜெயிச்சோம்லே.