ஏழாவது பெயருக்கு அப்புறம்

ஆனி இருபத்து மூன்று, சனிக்கிழமை, காலை ஒன்பது இருபது. பலகைகள் பதினாறு. சுவரில் ஏறியவை பதினொன்று. தரையில் கிடப்பவை ஐந்து.

அம்மா, நாளைக் காலை நினைவில்லத்தைத் திறக்கிறார்கள். வார்னிஷ் இன்னும் காயவில்லை, கூடமெல்லாம் அந்த நெடி. நான் தரையில் உட்கார்ந்து டேப்பில் உன் குரலைக் காலையிலிருந்து நாலாவது முறையாகக் கேட்கிறேன். ஏழாவது பெயரைச் சொல்லி முடிக்கிறாய். அப்புறம் ‘டக்’ என்று ஒரு சத்தம். அது நான் பொத்தானை அமுக்கிய சத்தம்.

எரிந்துபோன பன்னிரண்டு பெண்களுக்கும் நாலு பிள்ளைகளுக்கும் ஒரு போட்டோ கூடக் கிடையாது. “எங்கள எவன்டா அன்னைக்குப் படம் புடிச்சான்?” என்று கேட்டாய். அதனால் பெயர்ப் பலகை போதும் என்று நினைவில்லக் குழுவில் முடிவானது. நான் டிப்ளமோ சிவில். டேப்பும் ரசமட்டமும் இருந்தால் எனக்கு ஒரு நாள் வேலை. பெயர்களை அகர வரிசையில் எழுதி, இடைவெளி ஒன்றரை அடி என்று தாளில் வரைந்து மாசியில் உன்னிடம் காட்டினேன். பாராட்டுவாய் என்று நினைத்தேன்.

படிக்கச் சொல்லிக் கேட்டாய். இரண்டாவது பெயரிலேயே நிறுத்தினாய்.

“எவன்டா இப்புடி நிறுத்துனவன்?”

“அகர வரிசைம்மா. எல்லா ஊர்லயும் இப்படித்தான்.”

“அஞ்சலையும் அலமேலும் பேசிக்கவே மாட்டாளுங்க. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல விட்டா நடவு எப்புடிடா ஓடும்?”

சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய், ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை. சேற்றில் நடவு வரிசை என்பது யாரும் போட்ட வரிசை இல்லை, வருஷக்கணக்காகத் தானாக அமைந்தது என்றாய். யார் கை வேகம், யாருக்கு இடது கை, யார் பாட்டெடுத்தால் யார் வாங்கிப் பாடுவாள், எல்லாம் சேர்ந்து அவளவளுக்கு ஓர் இடம். நட்டு முடித்த வயலைப் பார்த்தே இது யார் பிடித்த இடம் என்று சொல்லிவிடுவாயாம். “பிள்ளைங்கள மேல மாட்டாத. வரப்புல ஒக்காந்திருந்துச்சுங்க. அதுங்க ஆத்தாளுக்குக் கீழ வையி.”

நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் இடம் வாய்க்கால் பக்கத்து ஓரம். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது, வரிசையிலேயே சின்னவள். மறு ஓரத்தில் பவுனு பெரியம்மா. மீந்த நாற்று முடிகளை வாடாமல் வாய்க்கால் தண்ணீரில் போட்டுவிட்டு வருவது ஓரத்து ஆட்களின் வேலை. கூலி நெல் அரைப் படி கூடுதலாகக் கேட்டதற்காகத் தெருவுக்குள் பண்ணையாரின் ஆட்கள் புகுந்த அந்தச் சாயங்காலம், நீங்கள் இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் முடிகளை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். மற்றவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒரே வீட்டுக்குள் ஓடினார்கள். வந்த ஆட்கள் வெளியே கதவைப் பூட்டித் தீ வைத்தார்கள்.

இதை நீ என்னிடம் இரண்டே வாக்கியத்தில் சொன்னாய். “ஓரத்துல நின்னோம், பொழைச்சோம். நடுவுல நின்னவளுங்க வீட்டுக்குப் போயிட்டாளுங்க.” இன்னொரு நாள், தேர்தல் ஜீப் மைக்குடன் போனபோது: “கோட்டையில ஆளு மாறுனாங்க. களத்துல மாறலையே.” அவ்வளவுதான்.

பங்குனியில் டேப் ரெக்கார்டரோடு வந்தேன். “என் பக்கத்துல செல்லம்மா. அவளுக்கு அந்தாண்ட அலமேலு, இருமிக்கிட்டே நடுவா” என்று ஆரம்பித்தாய். ஒவ்வொருத்திக்கும் ஒரு கதை. எனக்குப் பெயர் மட்டும் வேண்டியிருந்தது. “கதைய விட்டுட்டுப் பேரச் சொல்லும்மா” என்று நாடாவில் மூன்று இடத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் நீ பெயரைச் சொல்லி, மறுபடி கதைக்கே போய்விடுகிறாய்.

“ஏழாவது ராசாத்தி. பாட்டெடுக்கறது இவதான். இவளுக்கு அந்தாண்ட…”

“போதும்மா, மன்னார்குடி பஸ் போயிடும். மீதிய அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

டக்.

அடுத்த வியாழக்கிழமை நெஞ்சு வலி என்றாய். ஆஸ்பத்திரி வாசல் வரைதான் வந்தாய்.

டேப்பை நிறுத்திவிட்டுப் பிடித்த அந்த மன்னார்குடி பஸ்ஸில் இடம் கிடைத்தது, ஜன்னலோரம். ஏன் இது ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை.

தீக்குப் பிறகு வேதாரண்யம் உப்பளத்துக்குப் போய்விட்ட பவுனு பெரியம்மா உன் சாவுக்கு வந்திருந்தார்கள். போனதிலிருந்து அதுவரை நம் ஊருக்குள் கால் வைத்ததே இல்லை. அழவில்லை. உன் கால்மாட்டில் நின்று, “ஒரு ஓரம் போச்சேடி” என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு அப்போது புரியவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன்.

நீ சொன்ன ஏழு பேரையும், அவர்களுக்குக் கீழே அவர்களின் நாலு பிள்ளைகளையும் மாட்டியாகிவிட்டது. நேற்று குழுத் தலைவர் வந்து பார்த்தார். “அஞ்சுதானே தம்பி, எப்படியாவது மாட்டி விடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?” என்றார். நல்ல மனுஷர்தான். முந்தைய நான் என்றால் மாட்டியிருப்பேன். ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன். ராசாத்திக்கு அந்தாண்ட அஞ்சலையை நிறுத்தலாமா? பாட்டை வாங்கிப் பாடுகிறவள் அவளா? தெரியாது. அதைச் சொல்லத்தான் அன்று நீ வாயெடுத்தாய். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் குரலில் எனக்கு மிச்சம் இருப்பது முப்பத்தொரு நிமிஷம். அதில் நான் குறுக்கே பேசியது போக எவ்வளவு என்று கணக்குப் போடவில்லை. இந்தக் கூடத்தில் நீ நின்று, “இப்பதான்டா நடவு மாதிரி இருக்கு” என்று ஒருமுறை சொல்ல வேண்டும் அம்மா. வேறெதுவும் வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. பதினொன்று பத்து வேதாரண்யம் பஸ். டேப் ரெக்கார்டர், புது பேட்டரி, காலி நாடா இரண்டு.

2. பவுனு பெரியம்மாவைத் தன் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வது. அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவள் முதலில். அப்படியே ராசாத்தி வரை.

3. சொல்ல மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது. ஐந்து பலகைகளையும் ராசாத்திக்கு அந்தாண்ட, சுவரில் சாய்த்தபடி விடுவது. நாளை கேட்பவர்களிடம் காரணம் சொல்வது: என் அவசரம்.

4. சொன்னால், கதைகளோடு கேட்பது. கடைசி பஸ் போனால் போகட்டும்.

5. பொத்தானில் கை வைக்கக் கூடாது. நாடா தானாக நிற்கும். நின்றதும் மறுபக்கம் திருப்பிப் போடுவது.