மூன்றாவது கத்தல்

அன்புள்ள அம்மாவுக்கு,

எட்மன்டனில் நான் நல்ல சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதைவிட, உன் தொண்டை எப்படி இருக்கிறது?

சனிக்கிழமை, பதினொரு வயதுக்குட்பட்டோர் ஐஸ் ஹாக்கி அரையிறுதிக்கு நான்தான் நடுவர். முதுகில் இடித்துத் தள்ளிய ஒரு பொடியனை இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைத்தேன். உடனே அவன் அம்மா கண்ணாடித் தடுப்பைத் தட்டிக் கத்தினாள்: "ஏய் வரிக்குதிரை! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என் கோடுபோட்ட சட்டைக்குக் கிடைத்த மரியாதை அது.

இரண்டு முறை எச்சரித்தேன், அடங்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தி அவளை வெளியே போகச் சொன்னேன்; அவள் அரங்கைவிட்டுப் போன பிறகுதான் மறுபடி விசில் ஊதினேன். வெளியே உட்கார்ந்திருந்த அவள் மகன் எட்டிப் பார்த்து, "தேங்க்ஸ்க்கா, இனி நிம்மதியா ஆடலாம்" என்றான்.

நம் ஊர் கேண்டர் அரங்கில், நீ கத்தியதற்காக உன்னை வெளியே அனுப்பிய நடுவரிடம், பத்து வயதில் ஆடிக்கொண்டிருந்த நானும் இதையேதான் சொன்னேன். இத்தனை நாள் உன்னிடம் மறைத்துவிட்டேன்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி பின்னி அனுப்பு. பெர்ரி ஜாமும் அனுப்பு. சின்ன பாட்டில் போதும், சாப்பிட நான் ஒருத்திதானே.

அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், ஓட வேண்டும். மார்ச்சில் இறுதியாட்டத்துக்கு வந்துவிடு. கத்தினால் உன்னையும் வெளியேதான் அனுப்புவேன், ஆனால் மூன்றாவது கத்தலுக்குத்தான். முதல் இரண்டையும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் மகள்,
டார்லா